நிட்டிங் பேட்டர்னை வேர்டில் வேகமாக எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டிலேயே நிட்டிங்கும் குரோஷாவும் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்புக்கு வருபவர்களுக்காகப் பேட்டர்ன்களை (வரிசை வரிசையாக எப்படிப் பின்னுவது என்ற குறிப்புகளை) தமிழில் டைப் செய்து பிரின்ட் எடுத்துக் கொடுப்பது வழக்கம். அதைப் பார்த்துவிட்டு, "நாங்களும் இப்படி எழுதணும், ஆனா டைப் பண்ணவே நேரம் போயிடுதே" என்று காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்தெல்லாம் கேட்கிறார்கள். நான் வேர்டில் ஷார்ட்கட் வைத்துத்தான் டைப் செய்கிறேன். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

வேலூர் வெயிலுக்கு ஸ்வெட்டர் பேட்டர்ன் யாருக்கு வேண்டும்?

மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர்தான். ஆனால் பிறந்த குழந்தைக்குக் குல்லாவும் சாக்ஸும் எந்த ஊரிலும் வேண்டும். மார்கழி, தை மாதங்களில் ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் குளிர் நன்றாகவே இருக்கும், அங்கிருந்து சால்வை கேட்டு வருகிறார்கள். வெயில் காலத்தில் உல்லனை எடுத்து வைத்துவிட்டுப் பருத்தி நூலில் பை, மேசை விரிப்பு, குழந்தை ஃபிராக் என்று போகிறோம். நூல்தான் மாறுகிறது, பேட்டர்ன் எழுதும் முறை ஒன்றுதான்.

நோட்டில் கையால் எழுதினால் போதாதா?

உங்களுக்கு மட்டும் என்றால் போதும். இன்னொருவர் கையில் கொடுக்கும்போதுதான் சிக்கல். கையால் எழுதும்போது ஒரே வேலையை முதல் வரியில் "ரெண்டைச் சேர்த்துப் போடு" என்றும், நாலாவது வரியில் "ஒண்ணு குறை" என்றும், கடைசியில் "2 சே" என்றும் எழுதிவிடுவோம். எழுதியவருக்கு மூன்றும் ஒன்றுதான். படிப்பவர் மூன்று வேலை என்று நினைத்துத் தடுமாறுவார். பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவருக்கு வாயால் விளக்கிவிடலாம். தாளை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவருக்கு அந்த வசதி கிடையாது.

ஷார்ட்கட்டின் பெரிய லாபம் வேகம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அது எப்போதும் ஒரே சொல்லைப் போடும் என்பது. அதனால் டைப் செய்ய உட்காரும் முன் எந்த வேலைக்கு என்ன சொல் என்பதை ஒரு தாளில் எழுதி முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் வகுப்பில் நிட் (நேர்ப் பின்னல்), பர்ல் (மறுபக்கப் பின்னல்), ரிப் (இரண்டையும் மாற்றி மாற்றிப் போடும் ஓரப் பின்னல்) என்பவை அப்படியே. ஊசியில் இருக்கும் ஒவ்வொரு வளையமும் கண்ணி. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போவது வரிசை. உங்கள் வீட்டில் வேறு சொல் புழங்கினால் அதையே வையுங்கள். பாதியில் மாற்றாமல் இருந்தால் சரி.

ஷார்ட்கட் என்று நீங்கள் சொல்வது எதை?

கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி மட்டும் இல்லை. வேர்டில் ஆட்டோகரெக்ட் என்று ஒன்று இருக்கிறது. தப்பாக டைப் செய்த சொல்லைத் தானாகத் திருத்துவதற்காக வைத்தது. நாம் அதை நம் வசதிக்குப் பயன்படுத்திக்கொள்கிறோம்: சின்னதாக ஒரு குறுக்கை (சுருக்கச் சொல்லை) டைப் செய்து ஸ்பேஸ் தட்டினால் முழு வாக்கியமும் வந்து விழும்.

வைக்கும் வழி: ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ். திறக்கும் பெட்டியில் ரீப்ளேஸ் என்ற இடத்தில் குறுக்கு, வித் என்ற இடத்தில் முழு வாக்கியம், பிறகு ஆட், ஓகே. மேலே "ரீப்ளேஸ் டெக்ஸ்ட் ஆஸ் யூ டைப்" என்பதில் டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண வாக்கியம் என்றால் 255 எழுத்து வரை ஏற்கும்.

விரிய வேண்டாத இடத்தில் விரிந்துவிட்டால் உடனே கன்ட்ரோல் இசட். குறுக்கு மட்டும் பழையபடி வரும், நீங்கள் டைப் செய்த மற்றது போகாது.

எதையெல்லாம் குறுக்காக வைக்கலாம்?

நிட், பர்ல் இரண்டுக்கும் குறுக்கு வைக்காதீர்கள். அவையே சின்னச் சொற்கள், மிச்சமாகும் நேரம் ஒன்றுமில்லை. நீளமாக இருப்பதற்கும், ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி எழுதிவிடுகிறோம் என்பதற்கும் வையுங்கள். நான் வைத்திருப்பவை சில:

ஃசே: 2 சேர்த்து நிட்
ஃபசே: 2 சேர்த்துப் பர்ல்
ஃமு: நூலை முன்னால் கொண்டுவந்து ஊசி மேல் ஒரு சுற்று
ஃதா: 1 கண்ணியைப் பின்னாமல் மாற்றவும், நிட் 1, மாற்றிய கண்ணியை அதன் மேல் தாண்டவிடவும்
ஃரி: ரிப் வரிசை: [நிட் 2, பர்ல் 2] கடைசி வரை
ஃஸ்டா: ஸ்டாக்கிங் ஸ்டிச் (ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல், மாறி மாறி)
ஃமா: மாதிரித் துண்டு: 10 செ.மீ. அகலத்தில் 28 கண்ணி, 10 செ.மீ. உயரத்தில் 36 வரிசை
ஃஊ10: 10-ஆம் எண் ஊசி (3.25 மி.மீ.)

கடைசியில் இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கடைகளில் ஊசியைப் பழைய பிரிட்டிஷ் எண்ணில்தான் கேட்டு வாங்குகிறோம். அதில் எண் ஏற ஏற ஊசி மெலியும்: 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ., 12 என்றால் 2.75 மி.மீ. அமெரிக்க எண் இதற்கு நேர் எதிர், அங்கே 10 என்றால் 6 மி.மீ. தடிமன். யூடியூபில் அமெரிக்கப் பேட்டர்ன் பார்த்துவிட்டு நம் கடையில் 10-ஆம் எண் கேட்டு வாங்கினால் குழந்தைக் குல்லா பொம்மைக்குத்தான் ஆகும். எண்ணோடு மில்லிமீட்டரும் சேர்ந்தே வரும்படி குறுக்கு வைத்துவிட்டால் அந்தக் குழப்பமே இல்லை.

எல்லாக் குறுக்கும் ஏன் ஃ-இல் தொடங்குகிறது?

ஆய்த எழுத்தில் தமிழ்ச் சொல் எதுவும் தொடங்காது. அதனால் சாதாரணமாக எழுதிக்கொண்டு போகும்போது குறுக்கு தெரியாமல் விரிந்துவிடும் என்ற பயம் இல்லை. வெறும் "சே" என்று வைத்தால், "சே, இந்த வரிசை பிசகிவிட்டதே" என்று குறிப்பு எழுதும்போதும் "2 சேர்த்து நிட்" வந்து குதிக்கும். ஃபோன், ஃபேன் என்று இப்போது எழுதுகிறோமே என்றால், முழுச் சொல்லும் பொருந்தினால்தான் ஆட்டோகரெக்ட் வேலை செய்யும். "ஃப" என்று ஒரு குறுக்கு இருந்தாலும் "ஃபோன்" அப்படியேதான் இருக்கும்.

தமிழ்99 விசைப்பலகையில் டைப் செய்பவர்களுக்கு இன்னொரு வசதி. அதில் ஃ இருப்பது ஆங்கில எஃப் சாவியில். இடது ஆள்காட்டி விரல் ஓய்வாக இருக்கும் இடமே அதுதான், விரலுக்குத் தட்டுப்படும் சின்ன மேடும் அதன்மேல் இருக்கிறது. மடியில் ஊசியும் நூலுமாக, கண் பின்னலில் இருக்கும்போதுகூட விரல் தடவிக் கண்டுபிடித்துவிடும்.

குறுக்கு வைத்தேன், ஆனால் விரியவே இல்லை. ஏன்?

பெரும்பாலும் மொழிதான் காரணம். வேர்ட் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி ஆட்டோகரெக்ட் பட்டியல் வைத்துக்கொள்கிறது. ஆட்டோகரெக்ட் பெட்டியின் தலைப்பைப் பாருங்கள், எந்த மொழிப் பட்டியல் என்று எழுதியிருக்கும். தலைப்பில் ஆங்கிலம் என்று இருக்கும்போது குறுக்கைச் சேர்த்துவிட்டு, பிறகு விண்டோஸின் தமிழ் விசைப்பலகைக்கு மாறி டைப் செய்தால், வேர்ட் தமிழ்ப் பட்டியலில் தேடும். அங்கே ஒன்றும் இருக்காது.

தீர்வு சுலபம். முதலில் தமிழ் விசைப்பலகைக்கு மாறி, தாளில் இரண்டு சொல் தமிழில் டைப் செய்து, கர்சர் அங்கேயே இருக்கும்போது பெட்டியைத் திறந்து சேருங்கள். வெளியிலிருந்து போட்டுக்கொண்ட தமிழ் டைப்பிங் மென்பொருள் என்றால் தலைகீழாக இருக்கும்: திரையில் தமிழ் வந்தாலும் வேர்ட் அதை ஆங்கிலம் என்றே நினைத்துக்கொண்டிருக்கலாம். அப்போது ஆங்கிலப் பட்டியலில்தான் சேர்க்க வேண்டும். எப்படி இருந்தாலும் கர்சர் நிற்கும் இடத்திலிருந்து பெட்டியைத் திறந்தால் சரியான பட்டியல்தான் வரும்.

"அக்கா, டிடிபி கடையில பாமினி ஃபான்ட்லதான் அடிச்சுக் குடுக்கறாங்க. அதுல இது நடக்குமா?"

நடக்கும், ஆனால் நான் வேண்டாம் என்பேன். பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் கம்ப்யூட்டருக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள். மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். வாக்கியத்தின் முதல் எழுத்தைக் கேப்பிடலாக மாற்றும் வசதி வேர்டில் இருக்கிறதே, அது பாமினியில் அடித்த தமிழ் எழுத்தையே வேறு எழுத்தாக மாற்றிவிடும். நீங்கள் கவனிக்காமல் பிரின்ட் கொடுத்துவிடுவீர்கள். அந்த ஃபைலைப் போனில் அனுப்பினால் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். தேடினாலும் கிடைக்காது.

யூனிகோடில் (எந்தக் கம்ப்யூட்டரிலும் போனிலும் தமிழாகவே தெரியும் எழுத்து முறையில்) அடியுங்கள். தமிழக அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டாயிற்று. விண்டோஸோடு நிர்மலா எழுத்துரு வருகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமாகக் கிடைக்கிறது. பாமினியை விட முடியாது என்றால், ஆட்டோகரெக்ட் பெட்டியில் கேப்பிடல் சம்பந்தப்பட்ட டிக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஒரே மாதிரி பத்து வரிசை வருகிறது, எண்ணிக்கை மட்டும் மாறுகிறது. அதற்கு என்ன வழி?

நேரம் அதிகம் மிச்சமாவது இங்கேதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிறந்த குழந்தைக் குல்லாவை எடுத்துக்கொள்வோம். 4 பிளை நூல், 3.25 மி.மீ. ஊசி, 88 கண்ணி ஏற்றுகிறோம். மேலே சொன்ன மாதிரித் துண்டுக் கணக்குப்படி சுற்றளவு 31 செ.மீ.க்குச் சற்று மேலே வரும், பின்னல் இழுத்துக் கொடுப்பதால் குழந்தைத் தலைக்குப் பிடிப்பாக உட்காரும். ரிப் 2.5 செ.மீ., அப்புறம் ஸ்டாக்கிங் ஸ்டிச், அடியிலிருந்து 10 செ.மீ. வந்ததும் உச்சியைக் குறைக்க ஆரம்பிக்கிறோம். குறைக்கும் ஒவ்வொரு வரிசையிலும் 8 கண்ணி போகும்:

குறைப்பு 1: [நிட் 9, 2 சேர்த்து நிட்] 8 முறை. மீதம் 80 கண்ணி. அடுத்த வரிசை முழுதும் பர்ல்.
குறைப்பு 2: [நிட் 8, 2 சேர்த்து நிட்] 8 முறை. மீதம் 72 கண்ணி. அடுத்த வரிசை முழுதும் பர்ல்.

இப்படியே குறைப்பு 9 வரை. அதில் [நிட் 1, 2 சேர்த்து நிட்] 8 முறை, மீதம் 16. பத்தாவதில் வரிசை முழுதும் 2 சேர்த்து நிட், மீதம் 8. நூலை வெட்டி அந்த எட்டுக்குள்ளும் கோத்து இழுத்து முடிச்சுப் போட்டு, இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைக்க வேண்டியதுதான்.

ஒன்பது வரிகளில் மாறுவது மூன்றே எண்கள். அதனால் வரியை ஒரே ஒரு முறை இப்படி டைப் செய்யுங்கள்:

குறைப்பு ##: [நிட் ##, 2 சேர்த்து நிட்] 8 முறை. மீதம் ## கண்ணி. அடுத்த வரிசை முழுதும் பர்ல்.

வரி முழுவதையும் தேர்ந்தெடுத்து ஆல்ட் எஃப்3. பெயர் கேட்கும், "ஃகுறை" என்று கொடுத்து ஓகே. இனி எந்த ஃபைலிலும் ஃகுறை என்று டைப் செய்து எஃப்3 தட்டினால் அந்த வரி வரும். ஒன்பது முறை வரவழைத்துக்கொள்ளுங்கள். இப்போது கன்ட்ரோல் எச் (தேடி மாற்றும் பெட்டி) இல்லாமல், சாதாரணத் தேடல் பெட்டியில் (கன்ட்ரோல் எஃப்) ## என்று ஒரு முறை தேடிவிட்டுப் பெட்டியை மூடுங்கள். அதன் பிறகு ஷிஃப்ட் எஃப்4 தட்டத் தட்ட கர்சர் அடுத்த ## மேல் போய் உட்காரும். மேலேயே எண்ணை டைப் செய்ய வேண்டியதுதான்: எண், ஷிஃப்ட் எஃப்4, எண், ஷிஃப்ட் எஃப்4. மவுஸைத் தொடவே வேண்டாம். முடிந்ததும் இன்னொரு முறை ## தேடிப் பாருங்கள், ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் காலி இடம் விட்டுப்போகவில்லை என்று அர்த்தம்.

"மீதம் இத்தனை கண்ணி" என்பதை எந்தக் குறைப்பு வரிசையிலும் விடாதீர்கள். பின்னுகிறவர் ஊசியில் இருப்பதை எண்ணி, தாளோடு ஒத்துப்பார்ப்பது அதை வைத்துத்தான். ஒரு கண்ணி நழுவியிருந்தால் அடுத்த வரிசைக்குப் போகும் முன்பே தெரிந்துவிடும். அந்த எண் இல்லாத தாள் என்றால் உச்சிக்குப் போனபிறகு மொத்தமாகப் பிரிக்க வேண்டியதுதான்.

ஃபைன்ட் அண்ட் ரீப்ளேஸை நம்பலாமா?

நம்பலாம், கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம். தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். "கண்ணி" என்ற சொல் பிடிக்கவில்லை, "லூப்" என்று மாற்றலாம் என்று கன்ட்ரோல் எச் போட்டு ரீப்ளேஸ் ஆல் தட்டினால், "கண்ணியை" என்று இருந்ததெல்லாம் "லூப்யை" ஆகிவிடும். "கண்ணிக்குள்" என்பது "லூப்க்குள்" ஆகும். முழுச் சொல் மட்டும் என்ற டிக்கைப் போட்டால் உருபு ஒட்டியவை மாறாமல் தங்கிவிடும், அதுவும் பாதி வேலைதான்.

இதற்காகவே நான் வரிசைகளை வாக்கியமாக எழுதுவதில்லை. "9 கண்ணிகளை நிட் செய்துவிட்டு அடுத்த இரண்டையும் சேர்த்து நிட் செய்யவும்" என்று எழுதாமல் "நிட் 9, 2 சேர்த்து நிட்" என்று நிறுத்திவிடுகிறேன். சொற்கள் உருபு இல்லாமல் தனியே நிற்கும். மாற்றுவதும் சுலபம், படிப்பவர் கண்ணுக்கும் சுலபம். விளக்கம் தேவைப்படும் இடத்தில் பேட்டர்னுக்கு மேலே ஒரு பத்தி எழுதிவிடலாம்.

அமெரிக்கக் குரோஷா பேட்டர்னை நம் பெயர்களுக்கு மாற்ற வேண்டும். ரீப்ளேஸில் ஒரே கலவரமாகிறது.

குரோஷாப் பின்னல் வகைகளுக்கு நாம் பழகியது பிரிட்டிஷ் பெயர்கள். அமெரிக்காவில் சிங்கிள் என்பது நமக்கு டபுள். அவர்களுடைய ஹாஃப் டபுள் நமக்கு ஹாஃப் ட்ரெபிள், டபுள் நமக்கு ட்ரெபிள், ட்ரெபிள் நமக்கு டபுள் ட்ரெபிள். ஒவ்வொன்றும் ஒரு படி நகர்கிறது. முதலில் சிங்கிளை டபுள் ஆக்கிவிட்டு, அடுத்து டபுளை ட்ரெபிள் ஆக்கினால், இப்போதுதான் மாற்றிய சிங்கிளும் சேர்ந்து ட்ரெபிள் ஆகிவிடும். மேலிருந்து கீழே வந்தாலும் தப்பவில்லை: ட்ரெபிளை டபுள் ட்ரெபிள் ஆக்கிவிட்டு டபுளைத் தொட்டால் அது "ட்ரெபிள் ட்ரெபிள்" ஆகும்.

இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதல் கட்டத்தில் எல்லாப் பெயரையும் இடைக்காலக் குறியாக மாற்றுங்கள்: ஹாஃப் டபுள் என்பதை ஃ2, அப்புறம் டபுள் என்பதை ஃ3, ட்ரெபிள் என்பதை ஃ4, சிங்கிள் என்பதை ஃ1. ஹாஃப் டபுள் கட்டாயம் டபுளுக்கு முன்னால் மாற வேண்டும், இல்லாவிட்டால் அதற்குள் இருக்கும் டபுளும் மாறிவிடும். இரண்டாம் கட்டத்தில் ஃ1 டபுள், ஃ2 ஹாஃப் ட்ரெபிள், ஃ3 ட்ரெபிள், ஃ4 டபுள் ட்ரெபிள். இந்தக் கட்டத்தில் எந்த வரிசையில் மாற்றினாலும் சரிதான், ஒன்றோடொன்று மோதாது. தாளின் தலையில் "பிரிட்டிஷ் பெயர்கள்" என்று எழுத மறக்காதீர்கள்.

வேர்ட் தானாக ஏதேதோ செய்துவிடுகிறது. எதையெல்லாம் நிறுத்த வேண்டும்?

அதே ஆட்டோகரெக்ட் பெட்டியில் "ஆட்டோஃபார்மேட் ஆஸ் யூ டைப்" என்று ஒரு பக்கம் இருக்கிறது. வரியை "1." என்று தொடங்கினால் பட்டியலாக மாற்றி உள்ளே தள்ளும் வசதியை எடுத்துவிடுங்கள். நட்சத்திரக் குறிக்குள் இருப்பதைத் தடித்த எழுத்தாக்கும் டிக் இருந்தால் அதையும் எடுங்கள். திரும்பச் செய்யும் பகுதியை நட்சத்திரத்தால் குறிப்பவர்களுக்கு அது குறியையே விழுங்கிவிடும். மூன்று நட்சத்திரம் போட்டு என்டர் தட்டினால் கோடு போடும் வசதியும் வேண்டாம். என்னைக் கேட்டால் நட்சத்திரத்தைவிட [ ] நல்லது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும், எத்தனை முறை என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

வரியின் கடைசியில் "நிட்" ஒரு பக்கமும் "9" அடுத்த வரியிலும் போய்விடுகிறது.

இரண்டுக்கும் நடுவில் சாதாரண ஸ்பேஸுக்குப் பதில் கன்ட்ரோல் ஷிஃப்ட் ஸ்பேஸ் தட்டுங்கள், இரண்டும் சேர்ந்தே போகும். எழுதி முடித்த பிறகு மொத்தமாக மாற்ற வேண்டுமானால் கன்ட்ரோல் எச். மேல் பெட்டியில் "நிட்" போட்டு ஒரு ஸ்பேஸ், கீழ்ப் பெட்டியில் "நிட்" போட்டு, மோர் என்பதை விரித்து ஸ்பெஷல் பட்டனில் நான்பிரேக்கிங் ஸ்பேஸைத் தேர்ந்தெடுங்கள். பர்லுக்கும் அதேபோல்.

கட்டம் போட்ட சார்ட் வேர்டிலேயே வரையலாமா?

வரையலாம். சார்ட்டில் ஒரு கட்டம் என்றால் ஒரு கண்ணி. டேபிள் ஒன்றைப் போட்டு, ஒரு கட்டத்துக்கு நிறம் கொடுத்துவிட்டு, அடுத்த கட்டத்தில் கர்சரை வைத்து எஃப்4 தட்டினால் அதே நிறம் விழும். எஃப்4 கடைசியாகச் செய்ததைத் திரும்பச் செய்யும். பூ, யானை, கோலம் எதுவானாலும் இப்படியே கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டு போகலாம்.

கவனிக்க வேண்டியது கட்டத்தின் அளவு. ஸ்டாக்கிங் ஸ்டிச்சில் கண்ணி சதுரம் இல்லை, அகலம் கூடுதல், உயரம் குறைவு. 28 கண்ணிக்கு 36 வரிசை என்ற கணக்கில் 9-க்கு 7 என்ற விகிதம் வருகிறது. கட்டத்தை 0.9 செ.மீ. அகலம், 0.7 செ.மீ. உயரம் என்று வைத்து, உயரத்தில் "எக்ஸாக்ட்லி" என்பதைத் தேர்ந்தெடுத்தால் தாளில் பார்க்கும் யானைதான் குல்லாவிலும் வரும். சதுரக் கட்டத்தில் வரைந்தால் யானை நசுங்கிப்போகும். வேர்ட் டேபிளில் 63 நெடுவரிசைக்கு மேல் போடவும் முடியாது, 88 கண்ணியையும் வரையப் பார்க்காதீர்கள். திரும்பத் திரும்ப வரும் ஒரு பகுதியை மட்டும் வரைந்து, எத்தனை முறை என்று பக்கத்தில் எழுதினால் போதும்.

நம் ஊருக்குச் சார்ட் இன்னொரு விதத்திலும் உதவுகிறது. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிற குடும்பங்கள் எதிர்த் தெரு லாட்ஜுகளில் நாள்கணக்காகத் தங்குகின்றன. கூட வந்த பெண்களில் நன்றாகப் பின்னத் தெரிந்தவர்கள் நிறைய. அவர்கள் கையில் கட்டம் போட்ட தாளைக் கொடுத்தால் போதும், ஒரு வார்த்தை பேசாமல் பின்னிவிடுவார்கள். அதனால் எழுத்தோடு சார்ட்டும் சேர்த்தே பிரின்ட் எடுங்கள்.

என்னிடம் வேர்ட் இல்லை.

லிப்ரே ஆபீஸ் இலவசம், பிள்ளைக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப்பிலும் ஓடும். டூல்ஸ் மெனுவில் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் இருக்கிறது, எந்த மொழிக்கு என்பதை அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். முழு வரிகளைச் சேமிக்கக் கன்ட்ரோல் எஃப்3, வரவழைக்க எஃப்3. கூகுள் டாக்ஸில் டூல்ஸ், ப்ரிஃபரன்சஸ், சப்ஸ்டிட்யூஷன்ஸ்.

"கம்ப்யூட்டரே இல்ல அக்கா, போன் மட்டும்தான்."

ஜிபோர்டு விசைப்பலகையில் செட்டிங்ஸ் போய், டிக்‌ஷனரி, பெர்சனல் டிக்‌ஷனரி, தமிழ். அங்கே சொல்லையும் அதற்கான ஷார்ட்கட்டையும் கொடுக்கலாம். போனில் தானாக விரியாது. ஷார்ட்கட்டை டைப் செய்ததும் மேல் பட்டையில் முழு வாக்கியம் தெரியும், அதைத் தொட வேண்டும். வாயால் சொல்லி எழுதவைப்பது முன்னுரை, நூல் விவரம் போன்றவற்றுக்கு உதவும். வரிசைகளுக்கு வேண்டாம், எண்ணை எழுத்தாகவும் எழுத்தை எண்ணாகவும் மாற்றிப் போடும்.

பிரின்டுக்குக் கொடுக்கும்போது?

பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் வேர்ட் ஃபைலில் வரி உடைந்து, டேபிள் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். எழுத்து அளவு 14-க்குக் குறையாமல் இருக்கட்டும். தாளை மேசையில் வைத்து, கையில் ஊசியோடு எட்ட இருந்து படிக்கிற வேலை இது.

கம்ப்யூட்டரை மாற்றினால் குறுக்குகள் போய்விடுமா?

எடுத்து வைக்காவிட்டால் போய்விடும். ஆல்ட் எஃப்3-இல் சேமித்த வரிகளும் ஆட்டோகரெக்ட் பட்டியலும் ஃபைலுக்குள் இருப்பதில்லை, கம்ப்யூட்டரில் தனி இடத்தில் இருக்கின்றன. அவற்றைத் தேடி காப்பி எடுக்கலாம்தான். அதைவிட, எல்லாக் குறுக்கும் விரிவும் இரண்டு நெடுவரிசை டேபிளாக ஒரு தாளில் இருக்கட்டும். அந்தத் தாளை ஒவ்வொரு பேட்டர்னின் கடைசிப் பக்கமாகவும் சேர்த்துவிடலாம்.

யூடியூபிலோ புத்தகத்திலோ பார்த்த பேட்டர்னை இப்படித் தமிழில் டைப் செய்து விற்கலாமா?

கூடாது. எழுதியவருக்கு அந்த எழுத்தின் மேல் உரிமை இருக்கிறது, 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் மொழிபெயர்ப்புக்கும் பொருந்தும். நீங்கள் பின்னிப் பழகத் தமிழில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குக் கொடுப்பது உங்கள் சொந்தக் கணக்கில் பின்னிப் பார்த்து எழுதியதாக இருக்கட்டும். மேலே சொன்ன குல்லாவைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாம் ஒரே நாளில் தலையில் ஏறவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

நான்கு குறுக்கு போதும்: ஃசே, ஃரி, ஃஸ்டா, உங்களிடம் இருக்கும் ஊசிக்கு ஒன்று. இந்த நான்கையும் வைத்து அந்தக் குல்லாவை ஒரு முறை முழுதாக டைப் செய்யுங்கள். டைப் செய்யும்போது எந்த வாக்கியம் மூன்றாவது முறை வருகிறதோ, அதற்கு அப்போதே ஒரு குறுக்கு வையுங்கள். அப்புறம் பிரின்ட் எடுத்து, நிட்டும் பர்லும் மட்டும் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் எந்த இடத்தில் நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாரோ, அந்த வரியைத்தான் திருத்த வேண்டும். திருத்தத்தைத் தாளில் மட்டும் செய்யாமல் ஆட்டோகரெக்ட் பெட்டியிலும் செய்துவிட்டால், அடுத்த பேட்டர்னில் அந்த வரி சரியாகவே வரும்.